பழிக்கு அஞ்சிய அரசன்: உத்தர காண்டமும் தென்சென்னை வாசகர்களும்

1. கேள்வி

மனைவி மேல் வைத்த அன்பு ஒருபக்கம், குடிகளுக்குச் செய்ய வேண்டிய கடமை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே தவித்த அரசன் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கடமையைத் தேர்ந்தான். கருவுற்ற சீதையைக் காட்டுக்கு அனுப்பிய இராமனுக்கு மேடைகளிலும் பாடப்புத்தகங்களிலும் பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம் இதுதான். இராமனைப் போற்றுவோர் இதைத் தியாகம் என்பார்கள், தூற்றுவோர் கொடுமை என்பார்கள். ஆனால் தராசின் ஒரு தட்டில் காதலும் மறுதட்டில் கடமையும் இருந்தன என்பதை இரு தரப்பாருமே மறுப்பதில்லை.

தராசின் மறுதட்டில் இருந்தது உண்மையிலேயே கடமைதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. இதைக் கேட்க மயிலாப்பூரும் தியாகராய நகரும் திருவான்மியூரும் பொருத்தமான இடங்கள். இருபதாம் நூற்றாண்டில் இராமகாதையைத் தமிழ் நடுத்தர வர்க்கத்துக்கு மறுபடி எடுத்துச் சொன்ன முயற்சிகளில் முக்கியமான சில இந்தப் பகுதிகளிலிருந்துதான் கிளம்பின. அவற்றுள் செல்வாக்கு மிக்கவை பட்டாபிஷேகத்தோடு திரையை இறக்கிவிட்டன.

2. வால்மீகியில் உள்ளது என்ன?

முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம். வால்மீகி இராமாயணத்தின் முதல் காண்டமும் ஏழாம் காண்டமும் நடுவிலுள்ள ஐந்துக்குப் பிற்பட்டவை என்பது, ஹெர்மன் யகோபி 1893இல் எழுதிய நூலிலிருந்து ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்றுவரும் முடிவு. மகாபாரத வனபர்வத்தில் வரும் இராமோபாக்கியானம் முடிசூட்டோடு நின்றுவிடுகிறது, அதில் சீதையைத் துறக்கும் நிகழ்ச்சியே இல்லை. ஆனாலும் உத்தர காண்டத்தை இடைச்செருகல் என்று தள்ளிவிட முடியாது. காளிதாசன் காலத்துக்குள் அது காப்பியத்தின் பகுதியாக நிலைபெற்றுவிட்டது. பரோடா கீழைக்கலை நிறுவனத்தின் செம்பதிப்பும் ஏழாம் காண்டத்தை உள்ளடக்கியே 1975இல் நிறைவுற்றது.

அந்தக் காண்டத்தில் காட்சி இப்படிப் போகிறது. அவையில் நண்பர்களோடு உரையாடிக்கொண்டிருக்கும் இராமன், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கிறான். பத்ரன் முதலில் புகழுரைகளைச் சொல்கிறான். நல்லது கெட்டது இரண்டையும் சொல் என்று இராமன் வற்புறுத்தியபின், இராவணன் இல்லத்தில் இருந்தவளை அரசன் எப்படி ஏற்றான், இனி நம் மனைவியரிடத்தும் நாம் இதைப் பொறுக்க வேண்டியதுதானா என்று வீதிகளிலும் சதுக்கங்களிலும் பேச்சு நடப்பதைத் தெரிவிக்கிறான். இராமன் மற்ற நண்பர்களைப் பார்த்து, இது உண்மையா என்கிறான். ஆம், இப்படித்தான் பேசுகிறார்கள் என்று எல்லாரும் தலைவணங்கிச் சொல்கிறார்கள்.

பிறகு தம்பியர் மூவரும் அழைக்கப்படுகிறார்கள். சீதை தூயவள் என்பதைத் தன் உள்ளம் அறியும் என்றும், இலங்கையில் தேவர்கள் முன்னிலையில் தீயே அதற்குச் சான்று சொன்னது என்றும் இராமனே அவர்களிடம் எடுத்துரைக்கிறான். அவனுக்கு ஐயம் துளியும் இல்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சி உயிரையும் தம்பியரையும்கூட விடுவேன், சீதையை விடமாட்டேனா என்பது அவன் வாதம். இதற்கு எதிராக யாரும் வாய் திறக்கக் கூடாது என்று தம்பியருக்குத் தடையும் போடுகிறான். கங்கைக்கரை ஆசிரமங்களைப் பார்க்க வேண்டும் என்று சீதை முன்பு கேட்டிருந்த ஆசை, அவளைத் தேரில் ஏற்றுவதற்குச் சாக்காகிறது. செய்தியை அவளிடம் சொல்லும் பொறுப்பு இலக்குவன் தலையில் விழுகிறது. அதுவும் கங்கையைக் கடந்தபின்.

இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் குடிகளின் நலன், நாட்டின் பாதுகாப்பு, முறை வழங்கல் என்பவை இராமனின் வாதத்துக்கு அச்சாணியாக இருப்பதாகத் தெரியவில்லை. அவனை வாட்டுவது தன் பெயருக்கு வரும் களங்கம். புகழ் போனவன் கீழுலகை அடைவான் என்ற அச்சம். தராசின் மறுதட்டில் இருந்தது பழி. அரசனின் பெயர் கெட்டால் அரசே ஆட்டம் காணும், ஆகவே பழியஞ்சுவதும் கடமையே என்று வாதிடலாம், வாதிட்டிருக்கிறார்கள். அது உரைகாரர் சேர்க்கும் பாலம். மூலத்து இராமன் அந்தப் பாலத்தில் நடக்கவில்லை.

மூலமே இந்த இடத்தில் அமைதியின்றித்தான் இருக்கிறது. சீதையை விட்டுத் திரும்பும் வழியில் இலக்குவன் நொந்துபோகிறான். அப்போது சுமந்திரன், இப்படி நடக்கும் என்று துருவாசர் தசரதனிடம் பல காலம் முன்பே சொல்லியிருக்கிறார் என்று ஓர் இரகசியத்தை அவிழ்க்கிறான். பிருகு முனிவர் திருமாலுக்கு இட்ட சாபம் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. அரசநீதியின் பெயரால் நிகழ்ச்சியை முழுமையாக நியாயப்படுத்த முடிந்திருந்தால் கவிக்கு இந்தச் சாபக்கதை தேவைப்பட்டிருக்காது என்றே கருதுகிறேன். உரோமக் கவி வெர்ஜிலின் காப்பியத்தில் ஈனியஸ் டைடோவைப் பிரிவதற்குக் கடவுளின் கட்டளை நேரடியாக, முன்கூட்டியே வந்துவிடுகிறது. இராமனுக்கு அப்படி எந்தக் கட்டளையும் வரவில்லை. விதி என்ற விளக்கம் எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் தேரோட்டியின் வாயிலாக வருகிறது.

3. ‘கடமை’ நுழைந்த வழி

காதலா கடமையா என்ற வடிவத்தை இந்தக் கதைக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு பின்வந்த இரண்டு கவிகளுடையது. இரகுவம்சத்தின் பதினான்காம் சருக்கத்தில் காளிதாசன் இராமனின் மனத்தை ஊசலாட வைக்கிறான். ஊர்ப்பேச்சைப் புறக்கணிப்பதா, குற்றமற்ற மனைவியைத் துறப்பதா என்று அரசன் ஒரு கணம் தடுமாறுகிறான். ஆனால் அங்கும் வெல்வது புகழ்தான். காளிதாசன் அதை மறைக்கவில்லை. அவனுடைய சீதை, இலக்குவன் வழியாகச் செய்தி அனுப்பும்போது கணவன் என்று சொல்லாமல் ‘அந்த அரசனிடம் சொல்’ என்ற தொனியில் பேசுகிறாள். அவளை ஏற்றுக்கொள்ளும் வால்மீகி முனிவரும் இராமன் மேல் தமக்குள்ள சினத்தை வெளிப்படையாகவே சொல்கிறார்.

எட்டாம் நூற்றாண்டின் பவபூதிதான் தட்டை முழுவதுமாக மாற்றியவர். உத்தரராமசரித நாடகத்தின் முதல் அங்கத்தில் குடிகளை மகிழ்விப்பதே அரசனின் பணி என்று வசிட்டரிடமிருந்து செய்தி வருகிறது. அதற்காக அன்பையும் இரக்கத்தையும் இன்பத்தையும், ஏன் சானகியையுமே துறப்பேன் என்று இராமன் வாக்களிக்கிறான். சற்று நேரத்தில் ஒற்றன் துர்முகன் ஊர்ப்பேச்சைக் கொண்டுவரும்போது அவள் அவன் தோளில் தலைசாய்த்து உறங்குகிறாள். நாடகக் கலையின் உச்சங்களில் ஒன்று அந்த அங்கம். ஆனால் அதில் பழியச்சத்தின் இடத்தில் குடிமக்கள் தொண்டு வந்து அமர்ந்துவிட்டது. 1906இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் சம்ஸ்கிருதக் கல்லூரியை நிறுவிய தலைமுறையினர் பவபூதியைப் பயின்றவர்கள். அவர்கள் மனத்திலிருந்த உத்தர காண்டம் பாதிக்குமேல் பவபூதியின் உத்தர காண்டம் என்று நினைக்க இடமிருக்கிறது.

வண்ணானின் கதை வேறொரு திசையிலிருந்து வந்தது. வால்மீகியில் வண்ணான் கிடையாது. ஊரார் எல்லாருடைய வாயிலும் இருந்த பேச்சு, பத்மபுராணம் போன்ற நூல்களின் வழியில் வண்ணான் ஒருவனின் வாய்க்குச் சுருங்கியது. நகரமே செய்த பழிதூற்றலை ஒரு தொழிற்சாதியின் மேல் இறக்கிவைத்த இந்த மாற்றத்தை நம் உபந்நியாசகர்கள் வெகு சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

4. தமிழ்க் காப்பிய மரபு

கம்பர் உத்தர காண்டம் பாடவில்லை. தமிழில் உள்ளது ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குகிறது. கூத்தர் தம் காண்டங்களைக் கிழித்தெறிந்துகொண்டிருந்தபோது கடைசிக் காண்டத்தைக் கம்பர் காப்பாற்றினார் என்பது கர்ணபரம்பரை. கதை உண்மையோ இல்லையோ, இரு பெயர்களையும் ஒட்டவைக்க வேண்டிய தேவை மரபுக்கு இருந்திருக்கிறது. சீதைக்கு நேர்ந்ததைப் பாடக் கம்பருக்கு மனம் வரவில்லை என்று சொல்வது வழக்கம். இதை அப்படியே ஏற்பதற்கில்லை. மீட்சிப் படலத்தில் தீக்குளிப்புக்கு முன் இராமன் பேசும் சுடுசொற்களைக் கம்பர் தணிக்கவே இல்லை. அவள் கற்பின் வெம்மையைத் தீக்கடவுளே தாங்கவில்லை என்று பாடி, இராமனின் சொல் எவ்வளவு பொருந்தாதது என்பதையும் அங்கேயே காட்டிவிடுகிறார். மென்மையான மனம் என்ற காரணம் இங்கு நிற்காது.

அரசன் அன்புக்கும் அறத்துக்கும் நடுவே கிழிபடுவதைக் கம்பர் வேறிடத்தில் முழுமையாகவே பாடியிருக்கிறார். கைகேயியின் முன் தசரதன் படும் பாடு அது. நாட்டைப் பரதனுக்கே எடுத்துக்கொள், இராமனைக் காட்டுக்கு மட்டும் அனுப்பாதே என்று பேரரசன் கெஞ்சுகிறான். கொடுத்த சொல்லை மீற முடியாமல் உயிரை விடுகிறான். இங்கே விலையைத் தானே கொடுக்கிறான். உத்தர காண்டத்தில் முடிவு ஒருவனுடையது, தண்டனை இன்னொருத்திக்கு.

தமிழர் நினைவில் நிற்கும் மற்ற இரு அரசர்களையும் இங்கே கொண்டுவர வேண்டும். பெரியபுராணம் விரித்துரைக்கும் மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி இருக்கிறது, கன்றை இழந்த பசு இருக்கிறது, தேர்க்காலில் ஏற்பட்ட மரணம் இருக்கிறது. மகன் மேல் கொண்ட பாசத்தை அரசன் வெல்ல வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன் குற்றம் நிறுவப்பட்டுவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை வைத்தவர்கள் அந்த வரிசையை உணர்ந்தே வைத்திருப்பார்கள். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இதற்கு நேர்மாறு. கூத்துப் பார்த்து ஊடிச் சென்ற கோப்பெருந்தேவியைத் தணிவிக்கப் போகும் அவசரத்தில் இருந்தான். வழியில் மறித்த பொற்கொல்லனின் ஒரு சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்டான். காதலுக்கும் கடமைக்கும் நடுவில் நின்ற தமிழ் அரசன் என்று யாரையேனும் சொல்ல வேண்டுமானால் இவனைத்தான் சொல்ல வேண்டும். காதல் அவன் கண்ணை மறைத்தது. உண்மை தெரிந்த கணத்தில் அரியணையிலேயே உயிர் நீத்தான். இளங்கோ அவன் மேல் சாட்டிய குற்றம் மனைவியை நேசித்தான் என்பது அல்ல, விசாரிக்கவில்லை என்பது. விசாரணை கேட்டு அரசவை ஏறியவளுக்குச் சென்னை மெரினாவில் 1968இல் சிலை எழுந்தது.

5. மயிலாப்பூர், தியாகராய நகர், திருவான்மியூர்

1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சென்னை இராமாயண வாசிப்பின் வரலாற்றில் தனியே எழுதத் தக்கவை. 1943 பிப்ரவரியில் சட்டக்கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமா என்பது பற்றி அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் சொற்போர் நடத்தினார்கள். அதே ஆண்டில், மயிலாப்பூரிலிருந்து வெளிவந்த கலைமகளில் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ அச்சாயிற்று. இராமனின் திருவடியால் கல்லாயிருந்த நிலை நீங்கிய அகலிகை, சீதை தீக்குளித்த செய்தியை அவள் வாய்மொழியாகவே கேட்டு மறுபடி கல்லாகிப்போகிறாள். அடுத்த ஆண்டு வி.எஸ். சீனிவாச சாஸ்திரி சம்ஸ்கிருத அகாதமியின் ஏற்பாட்டில் மயிலாப்பூரில் இராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். இராமனைத் தெய்வமாக வைத்துப் பேசமாட்டேன், மனிதனாக வைத்தே பேசுவேன் என்பது அவர் நிலைப்பாடு. மயிலாப்பூரில் அது துணிச்சலான பேச்சு. தெய்வமென்றால் லீலை என்று சொல்லி நழுவிவிடலாம். மனிதன் என்றால் ஒவ்வொரு செயலுக்கும் கணக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்று குரல்களும் ஒன்றோடொன்று உரையாடியதாகத் தெரியவில்லை. திராவிட இயக்கத்தார் மேடையும் கலைமகள் வாசகரும் சாஸ்திரியின் ஆங்கிலம் கேட்ட வழக்கறிஞர்களும் ஒரே நகரத்தில் வேறு வேறு உலகங்களில் இருந்தார்கள். அவர்களுள் புதுமைப்பித்தனே கேள்வியின் மையத்தைத் தொட்டவர் என்பது என் மதிப்பீடு. சீதைக்காக வாதாட அவர் அகலிகையைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. அகலிகைக்குக் காட்டிய கருணை சீதைக்கு ஏன் இல்லை என்ற முரண், இராமனை அவனது அளவுகோலாலேயே அளக்கிறது. மலையாளத்தில் இந்தத் திறப்பு 1919இலேயே குமாரன் ஆசானின் ‘சிந்தாவிஷ்டயாய சீத’ காவியத்தில் நிகழ்ந்துவிட்டது. அங்கே உத்தர காண்டத்துச் சீதையே நேராகப் பேசுகிறாள். தமிழ் நவீன இலக்கியம் யுத்த காண்டத்துத் தீக்குளிப்பு வரை வந்து நின்றது.

தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய 1954ஆம் ஆண்டிலேயே ‘சக்கரவர்த்தித் திருமகன்’ தொடரைக் கல்கியில் தொடங்கினார். 1958இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவரும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதற்கு அவர் காட்டிய காரணத்தில் உண்மை இருக்கிறது: உத்தர காண்டத்தை அவர் மனம் ஏற்கவில்லை, நம் பெண்களின் வாய்விடாத துயரமே அப்படியொரு கதையாக உருவெடுத்தது என்று அவர் கருதினார். இவ்வளவு கூர்மையாகக் கண்டவர் அந்தத் துயரக்கதையை எழுதியிருக்க வேண்டும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆட்சிக் கட்டிலிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒருவர், ஊர்வாய்க்கு அஞ்சி அரசன் எடுத்த முடிவைப் பற்றி எழுதியிருந்தால் அது தமிழின் அரிய அரசியல் நூல்களுள் ஒன்றாகியிருக்கும்.

கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி 1955 முதல் 1970 வரை வால்மீகியை ஆறு நாட்டிய நாடகங்களாக மேடையேற்றினார். ‘சீதா சுயம்வரம்’ முதல் நாடகம், ‘மகா பட்டாபிஷேகம்’ கடைசி. வால்மீகியின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியிருப்பதாக ஊரார் நம்பும் திருவான்மியூரில், சீதைக்கு அடைக்கலம் தந்த முனிவரின் கதை ஆடப்படாமல் நின்றது. சற்றுத் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவில் வால்மீகிக்குச் சிறு கோயில் இருக்கிறது. நகரின் மறுபக்கத்தில் கோயம்பேட்டுக் குறுங்காலீசுவரர் கோயில் தலபுராணமோ முழுக்க முழுக்க உத்தர காண்டம்: இலவனும் குசனும் வேள்விக் குதிரையைக் கட்டிப்போட்ட இடம் அதுவென்கிறார்கள். தமிழ், தெலுங்கு இரு மொழிகளிலும் 1963இல் வந்த ‘லவ குசா’ திரைப்படத்தில் என்.டி. ராமராவும் அஞ்சலி தேவியும் நடித்ததைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. படித்தவர்கள் மூடிவைத்த காண்டத்தைக் கோயில் கதையும் கொட்டகையும் திறந்தே வைத்திருந்தன, வண்ணான் கதையோடு சேர்த்து.

6. ஒற்றன் சொல்லும் ஆராய்தலும்

இராமனை எந்த அளவுகோலால் அளப்பது? மயிலாப்பூர் தன்னவர் என்று உரிமை கொண்டாடும் வள்ளுவரிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் முதற் குறள் முறை செய்தலைச் சொல்லும்போது ஆராய்தலை முதலில் வைக்கிறது, கண்ணோடாமையை அதற்கு அடுத்துத்தான் வைக்கிறது. கடமையின் பெயரால் பாசத்தை விலக்குவது இரண்டாம் படி. முதற்படி ஏறாதவனுக்கு இரண்டாம் படி இல்லை. கண்ணோட்டத்துக்கே தனியாக ஓர் அதிகாரத்தை அரசியலுக்குள் வைத்தவரும் அவர்தான். அன்பு ஆட்சிக்குப் பகை என்ற கருத்து அவருக்கு அந்நியம்.

ஒற்றாடல் அதிகாரம் இன்னும் நெருங்கி வருகிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்கிறார். வால்மீகியின் இராமன் இதைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பத்ரன் சொன்னதை மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறான். ஆனால் உறுதியானது ஊர் பேசுகிறது என்பது மட்டும். ஊர் பேசுவது உண்மையா என்ற விசாரணை நடக்கவில்லை. பொய் என்பது இராமனுக்கே தெரியும், ஆகவே நடத்தவும் தேவையில்லை. அப்படியானால் அரசன் செய்ய வேண்டியிருந்தது ஊரைத் திருத்துவது. சபையைக் கூட்டி, தான் அறிந்த உண்மைக்குத் தானே சாட்சியாக நிற்பது. பல ஆண்டுகள் கழித்து வேள்விச் சாலையில் அவன் கூட்டும் சபையிலும் சாட்சி சொல்ல வேண்டியவள் சீதையாகவே இருக்கிறாள். அவள் மறுபடி அயோத்திக்குத் திரும்பாமல் நிலத்துள் இறங்குகிறாள்.

இராமன் அவளை நேசிக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வேறு மணம் செய்யாமல் பொற்சீதையை அருகில் வைத்து வேள்வி செய்தவன் அவன். காதல் இருந்தது. மறுதட்டில் இருந்ததற்கு நாம் இட்ட பெயர்தான் தவறு.

7. மூடிவைத்ததால் போனது

உத்தர காண்டத்தை மூடிவைத்ததால் சீதையின் வழக்கோடு சம்பூகன் வழக்கும் மறைந்துபோயிற்று. அந்தணச் சிறுவன் ஒருவன் இறந்ததற்குச் சூத்திரன் தவம் செய்ததே காரணம் என்று நாரதர் சொல்ல, இராமன் தேடிச் சென்று தவசியின் குலத்தைக் கேட்கிறான். விடை வந்தவுடன் வாள் வீசுகிறான். இங்கும் கேட்கப்படுவது ஒரே கேள்வி. பெரியார் இயக்கத்தார் சம்பூகனைத் திரும்பத் திரும்ப எழுப்பியபோது, அது பிற்சேர்க்கை என்று சொல்லி விலகிக்கொள்வது எளிதாக இருந்தது. மனத்துக்குப் பிடித்த புராணச் செய்திகளுக்கு மட்டும் அந்தப் பிற்சேர்க்கைச் சோதனையை நாம் வைப்பதில்லை.

சபாக்களுக்கும் கம்பன் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஸ்ரீராமநவமித் தொடரில் பட்டாபிஷேகத்துக்குப் பின் இரண்டு மாலைகளை ஏழாம் காண்டத்துக்கு ஒதுக்குங்கள். ஒன்றைச் சீதைக்கும் மற்றொன்றைச் சம்பூகனுக்கும் கொடுங்கள். வண்ணான் கதையை விட்டுவிட்டு, தம்பியர் மூவரும் வாய்மூடி நிற்கும் அந்த அறையிலிருந்து தொடங்குங்கள்.